விளக்கருகே ஒரு வெள்ளைக் கால்

மழைக்காலம் வந்துவிட்டது. அது ஆரவாரத்தோடு வரவில்லை. துயரச் செய்தி கொண்டுவந்தவர் வாசலில் நின்று தயங்குவதைப்போல, சில நாள் மேற்கே கறுத்து நின்றுவிட்டுப் பிறகு மெல்ல இறங்கியது. இப்போது வானத்துக்கும் தெருவுக்கும் ஒரே நிறம். மரங்கள் தலைகவிழ்ந்து நிற்கின்றன. நடப்பவர்கள் குடைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு ஒருவரையொருவர் பாராமல் போகிறார்கள். பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பழம்பாடல்களில் இது திரும்பி வருவோருக்கான பருவம். மழை தொடங்குமுன் வந்துவிடுவேன் என்று சொல்லிப் பிரிந்தவருக்காக வீட்டிலிருப்பவர் வழிமேல் விழிவைத்திருக்கும் பருவம். என் தொழிலில் இருப்பவர்களுக்கோ இது பிளாஸ்டர் காயாத பருவம், அவ்வளவுதான். வெயில் நாளில் சட்டென்று உலர்ந்துவிடும் சாந்து, இந்த ஈரத்தில் உள்ளுக்குள் குளிர்ந்தே கிடக்கும். அவசரப்பட்டு அதைச் சுரண்டினால் உதிர்ந்துவிடும். ஆகவே மழைக்காலத்தில் நாங்கள் பொறுமையைப் பழகிக்கொள்கிறோம்.

நீங்களும் பொறுமையாகக் கேட்கிறீர்கள், ஐயா. அதற்காக நன்றி. உங்களுக்கு முன் என்னை விசாரித்தவர் மேசையைத் தட்டினார். தட்டியிருக்கத் தேவையில்லை. நான் எதையும் மறைக்க வந்தவனல்லன்.

நான் கால்களுக்குக் கவசம் செய்பவன். ஆஸ்பத்திரியில் 'பிரேஸ்காரர்' என்பார்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஓடுகிறவர்கள், தாண்டுகிறவர்கள், பந்து விளையாடுகிறவர்கள். விழுந்து எலும்பு முறிவதை எல்லோரும் அறிவார்கள். இவர்களுக்கு நேர்வது விழாமலே முறிவது. எலும்பு உயிருள்ளது, ஐயா. ஒவ்வொரு அடியிலும் அது சிறிது தேய்கிறது. ஓய்வில் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது. கட்டுவதைக் காட்டிலும் தேய்வது மிகும்போது ஒரு கீறல் விழுகிறது. முழங்காலுக்குக் கீழே, தோலுக்கடியில் விரலுக்குத் தட்டுப்படுகிறதே முன்னெலும்பு, அதன் முன்பக்கத்தில் விழும் கீறல் மிகவும் பிடிவாதமானது. அந்த எலும்பு வில்லைப்போலச் சற்றே முன்னோக்கி வளைந்திருப்பதால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் கீறலின் இரு கரைகளையும் விலக்கப் பார்க்கும். எக்ஸ்ரேயில் மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும்.

அந்தக் கரைகளைச் சேர்த்து வைப்பதுதான் கவசத்தின் வேலை. முன்னே ஓர் ஓடு, பின்னே ஓர் ஓடு, இரண்டையும் இறுக்கும் பட்டைகள். கீறலுக்கு நேராக முன்னிருந்து ஓர் அழுத்தம். பின்னாலிருந்து, மேலும் கீழுமாக, இரண்டு அழுத்தங்கள். வளைந்த கம்பை முழங்காலில் வைத்து நிமிர்த்துவதில்லையா, அதே முறை. இந்த அழுத்தங்களை நாங்கள் ஓட்டில் வைப்பதில்லை. அச்சில் வைக்கிறோம். பிளாஸ்டர் துணியைக் காலில் சுற்றி, உலர்ந்ததும் வெட்டிக் கழற்றி, அந்தக் கூட்டுக்குள் சாந்து ஊற்றினால் வெள்ளைக் கால் ஒன்று கிடைக்கும். எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அதைச் சுரண்டிக் குழிப்போம். எங்கே தளர்த்த வேண்டுமோ அங்கே சாந்தை ஏற்றி மேடாக்குவோம். சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் போர்த்தினால் ஓடு தயார். வேலை முடிந்ததும் அச்சை உடைத்துப் போடுவது வழக்கம். ஒருவருடைய காலை நாம் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

தும்பி என் தங்கை. வீட்டில் வைத்த செல்லப்பெயர் அது; ஓரிடத்தில் நிற்கமாட்டாள். என்னைவிட அவ்வளவு இளையவள் என்பதால் பார்ப்பவர்கள் அப்பாவும் மகளும் என்றே எண்ணுவார்கள். பெற்றோர் அடுத்தடுத்துப் போனபின் அவளை நான்தான் வளர்த்தேன். நான் மணம் செய்துகொள்ளவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவளுக்குத் தலைவாரிவிட்டு, பட்டறைக்குப் போய்த் திரும்பவே பொழுது சரியாக இருந்தது. பட்டறை மூலையில் சாந்துத் தூளை அளைந்துதான் அவள் வளர்ந்தாள். எங்கே சுரண்டினால் எங்கே அழுத்தும் என்பது, எழுத்துப் படிக்குமுன்பே அவளுக்குத் தெரியும்.

மாலையில் விளக்கேற்றியதும் துதி பாடுவோம். முதலடியை நான் எடுப்பேன். அடுத்த அடி அவளுடையது. எங்கள் பெற்றோர் அப்படித்தான் பாடினார்கள். இறைவன் இரண்டு குரல்களுக்கு நடுவே வந்து அமர்கிறான் என்று அம்மா சொல்வாள். அவள் சொன்னதை நான் இன்றளவும் நம்புகிறேன். தனியே இரண்டடியையும் நானே பாடிப் பார்த்திருக்கிறேன். தன் வலக்கையைத் தன் இடக்கையாலேயே பற்றிக் குலுக்கிக்கொள்வதைப்போல இருந்தது.

தனியே பாட நேர்ந்தது, ஏனென்றால் அவள் ஓடத் தொடங்கிவிட்டாள். பள்ளி மைதானத்தில் ஒரு பயிற்சியாளர் அவளைக் கண்டெடுத்தார். கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்கும்; பிள்ளைகள் அவருக்கு 'விசிலம்மா' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மணமாகாத என்னைச் 'சாமியார்' என்றுதான் கூப்பிடுவார். பட்டறைக்குள் நுழையும்போதே குரல் வந்துவிடும்.

"சாமியாரே, உங்க தங்கச்சிக்குக் கால்ல எலும்பா வச்சிருக்கீங்க, ஸ்பிரிங்கா?"

"எலும்புதான் அம்மா. அதான் பயமா இருக்கு."

"பயப்படறதுக்கு நீங்க இருக்கீங்க, ஓடறதுக்கு அவ இருக்கா. ஆளுக்கு ஒரு வேலை. விடுங்க."

நல்ல பெண்மணி. அவரைப்பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மாலைகள் மைதானத்துக்குப் போயின. பிறகு விடுமுறைகள் போயின, பிறகு வெளியூர்கள். வீட்டு அலமாரியில் கோப்பைகள் வந்து நின்றன. மைதானத்தில் அவளுக்குக் கைதட்டிய அத்தனை பேரில், அவள் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டவர் ஒருவரும் இல்லை. இதைக் கசப்பினால் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

முதல் கீறல் அந்தக் காலத்தில்தான் விழுந்தது. அவளுக்கு நான் செய்துகொடுத்த அந்தக் கவசத்தைப்போல என் வாழ்நாளில் இன்னொன்று செய்ததில்லை. நீங்கள் எந்தக் கைதேர்ந்தவரிடமும் அதைக் காட்டலாம். மயிர்கூடப் புகாத பொருத்தம். பல வாரங்கள் அவள் வீட்டோடு இருந்தாள். மாலையில் காலை நீட்டி அமர்ந்து, விளக்கின் முன் என்னோடு பாடினாள்.

"அண்ணா, நேத்து நீ சுருதியை விட்டுட்ட. சாமி எழுந்து போயிருப்பாரு."

"போயிருந்தா நீ பாடினதும் திரும்பி வந்திருப்பாரு."

"ஆமா, அவருக்கு வேற வேலையே இல்ல. உன்னைப் பார்த்து ஓடறதும், என்னைப் பார்த்துத் திரும்பறதும்."

அப்படிச் சிரிப்பாள். அந்த வாரங்களில் வீடு நிறைந்திருந்தது. பிறகு கோடு மறைந்தது. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "கோட்டைக் காணோம் அண்ணா, கோட்டைக் காணோம்" என்று ஒற்றைக்காலில் குதித்தாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் மாலை விளக்கின் முன் நான் முதலடியைப் பாடிவிட்டுக் காத்திருந்தேன். என்னையறியாமல் காத்திருந்தேன் என்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

சென்ற மழைக்காலத் தொடக்கத்தில் அவள் இரண்டு செய்திகளோடு வந்தாள். தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு, கடல் கடந்த ஊரொன்றுக்கு, ஆண்டுக்கணக்கில் தங்கிப் பயில அவளைத் தேர்ந்திருந்தார்கள். அது முதல் செய்தி. பழைய இடத்தில் மீண்டும் வலிக்கிறது என்பது மற்றது. எலும்பு மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டுத் தைரியம் சொன்னார்.

"பழைய கோடு லேசா கண்ணைத் திறந்திருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. அண்ணன் கவசம் போட்டா மூடிக்கும். மெதுவா நடக்கட்டும், அப்புறம் மெதுவா ஓடட்டும். மழை விட்டதும் விமானம் ஏறலாம்."

பாடல்களில் மழை தொடங்கும்போது வருவார்கள். என் வீட்டில் மழை விட்டதும் போவதாக இருந்தது.

நான் அவள் காலுக்குத் துணி சுற்றினேன். சாந்து ஊற்றினேன். மழைக்காலம் என்பதால் அது காய நாளெடுத்தது. அந்த நாள்களில் நான் பலவற்றை எண்ணிப் பார்த்தேன். பிறகு வெள்ளைக் காலை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். கீறலுக்கு நேராக, முன்பக்கம் சுரண்ட வேண்டிய இடத்தில் சிறிது சாந்தை ஏற்றினேன். அதே உயரத்தில் பின்பக்கம், கெண்டைச் சதையில், சிறிது சுரண்டினேன். முன் ஓட்டின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் சற்றே உள்வாங்க வைத்தேன். அவ்வளவுதான். நகக்கனம் கூட்டல், நகக்கனம் கழித்தல்.

உங்களுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று அழுத்தங்களும் அப்படியே இருந்தன. பக்கம் மட்டும் மாறியிருந்தது. கம்பை நிமிர்த்துவதற்குப் பதிலாக, அவள் எடுத்துவைத்த ஒவ்வோர் அடியிலும் அந்தக் கவசம் கம்பை மேலும் வளைத்தது. கீறலின் கரைகள் சேரவேண்டிய நேரத்திலெல்லாம் விலகின. வெளியே பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. நல்ல கவசமும் அப்படித்தான் இறுக்கும்.

அவளுக்கு மட்டும் தெரிந்தது.

"அண்ணா, பின்னாடி அழுத்துதே. போன தடவை முன்னாடிதானே அழுத்திச்சு?"

"போன தடவை போட்டது பழைய முறை. அதனாலதான் மறுபடி வந்திருக்கு."

"அப்படியா. நீ சொன்னா சரிதான்."

சாந்துத் தூளில் வளர்ந்தவள், அந்த ஓட்டுக்குள் ஒருமுறை விரலை ஓட்டியிருந்தால் கண்டுபிடித்திருப்பாள். ஓட்டவில்லை. அவள் என்னை நம்பினாள். அந்த நம்பிக்கையை நான் எவ்வளவு உயர்வாக மதித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பு முறிய வேண்டும் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. கீறல் ஒட்டாமல் இருந்தால் போதும் என்று மட்டுமே எண்ணினேன். மாலைகள் திரும்பி வந்தன. அவள் பாடினாள். முகாமில் அவளுக்கான இடத்தைச் சிறிது காலம் நிறுத்திவைத்தார்கள். பிறகு இன்னும் சிறிது காலம். எக்ஸ்ரேயில் கோடு மறையவில்லை. மருத்துவர் தலையைச் சொறிந்தார். விசிலம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையை மிகையாக ஓடவிடுகிறீர்களா என்று கேட்டார்.

"சத்தியமா இல்லைங்க. நான் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வச்சிருக்கேன். வேணும்னா சாமியாரைக் கேளுங்க."

என்னைக் கேட்டார்கள். கவசத்தில் குறையில்லை என்று சொன்னேன். ஓய்வில் குறை இருக்கலாம் என்றேன். 'இருக்கலாம்' என்றுதான் சொன்னேன். 'இருக்கிறது' என்று சொல்லவில்லை. சொற்களில் நான் எப்போதும் கவனமாக இருப்பவன்.

மழை விட்டது. பனிக்காலம் போய் வெயில் ஏறியது. மைதானம் காய்ந்தது. முகாம் இனியும் காத்திராது என்றதால், கோடு மறையாதபோதும் அவள் கவசத்தோடு மெதுவாக ஓடிப்பார்க்க ஒரு நாள் குறித்தார்கள். முகாமிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார், அவர் தலையசைத்தால் புறப்பட வேண்டியதுதான். அன்று காலை அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இன்னிக்கு ரொம்ப வலிக்குது. இதைக் கழட்டிட்டுப் போகட்டுமா?"

"கழட்டினா தாங்காதும்மா. கொடு, நான் இறுக்கி விடறேன்."

பட்டைகளை நான்தான் இறுக்கினேன். அவள் என் தலையில் கைவைத்து எழுந்தாள். சிறுவயதில் செருப்பு மாட்டிவிடும்போதும் அப்படித்தான் எழுவாள்.

மைதானத்துக்கு நான் போவதில்லை. அன்று போனேன். வளைவில் திரும்பும்போது முறிந்தது. காய்ந்த சுள்ளியை ஒடித்தாற்போன்ற ஓசை. எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்த எனக்கே கேட்டது. விசிலம்மா ஊதலைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அவருக்கு முன் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அண்ணா, நீ வந்திருக்கியா" என்றாள்.

எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். புண் சீழ் பிடித்ததால் மறுபடி திறந்தார்கள். நடப்பாள், ஓடமாட்டாள் என்று மருத்துவர் என் தோளைத் தொட்டுச் சொன்னார். மிகையாக ஓடவிட்டார் என்று விசிலம்மாவை வேலையைவிட்டு நீக்கினார்கள். அவர் ஒருமுறை பட்டறைக்கு வந்தார். ஊதல் இல்லாத அவர் கழுத்தைப் பார்க்க எனக்கே வருத்தமாக இருந்தது.

"சாமியாரே, எனக்காக நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும்."

"நான் சொன்னேன் அம்மா."

"'இருக்கலாம்'னு சொன்னீங்க. அதைத்தான் நானும் சொல்றேன்."

அதற்குமேல் அவர் நிற்கவில்லை.

பின்பு வந்த வாரங்களை நான் விவரிக்கப் போவதில்லை. தும்பி வீட்டில் இருந்தாள். மாலையில் நான் முதலடியை எடுத்தேன். அவள் அடுத்த அடியைப் பாடினாள். குரலில் முன்பிருந்த சிரிப்பு இல்லை. துதிக்குச் சிரிப்பு தேவையில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

என் தவறு ஒன்றுதான், ஐயா. தொழில் தெரிந்த எவனும் செய்யாத தவறு. அந்த அச்சை நான் உடைக்கவில்லை. சுத்தியலை எடுத்தேன்; ஆனால் அது அவள் கால். கணுவின் எலும்பு, சிறுவயதில் விழுந்த தழும்பு, எல்லாம் அதில் அப்படியே பதிந்திருந்தன. ஆகவே நாங்கள் பாடும் அறையில், விளக்கருகே வைத்தேன். இறைவனுக்கு நன்றியாக வைத்த காணிக்கை என்று அவளிடம் சொன்னேன்.

இந்த ஆண்டின் முதல் தூறல் விழுந்த மாலை, அவள் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு விளக்கு வைத்த தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் காலைத் துடைக்கக் கையில் எடுத்தாள். அவள் கட்டைவிரல் முன்பக்கம் ஏறி ஓரிடத்தில் நின்றது. பிறகு பின்பக்கம் இறங்கி அதே உயரத்தில் நின்றது. நெடுநேரம் அங்கேயே நின்றது. நான் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"இது என் கால் இல்ல அண்ணா."

"உன் கால்தான்."

"என் கால் இங்க குழிஞ்சிருக்காது. இது நீ குழிச்சது." அச்சைத் திருப்பி, முன்பக்கத்து மேட்டை எனக்குக் காட்டினாள். "நான் முகாமுக்குப் போறேன்னு சொன்ன அன்னிக்கே முடிவு பண்ணிட்டியா, இல்ல அச்சு காயறவரைக்கும் யோசிச்சியா?"

எவ்வளவு கூர்மையான கேள்வி பாருங்கள். என் கையில் வளர்ந்த பெண். விளக்கேற்ற வேண்டும் என்றேன். அவள் வெள்ளைக் காலைத் தரையில் வைத்தாள். உடைக்கவில்லை, வைத்தாள். பிறகு விசிலம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினாள். அடுத்து உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

கட்டிலைப்பற்றி நீங்கள் கேட்டதை மறக்கவில்லை. கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன். எதிர்வீட்டுத் தச்சர் சொன்னது உண்மை. மாடியிலிருந்த அவள் கட்டிலை நான்தான் அவரைக் கொண்டு கழற்றிக் கீழ் அறையில், விளக்குக்கு எதிரே, போட்டுவைத்தேன். மைதானத்துக்குப் போன நாளுக்கு முந்தின நாளே. வெயில் காலத்தில் கீழே காற்று வரும் என்று அவளிடம் சொன்னேன். கால் முறிந்தவள் மாடி ஏற முடியாது என்பதால்தானே என்று கேட்கிறீர்கள். ஆம். அவள் ஓடிய நாள் காலை பட்டைகளை இறுக்கும்போது, பின் ஓடு அழுத்தும் இடத்தில் ஒரு கம்பளித் துண்டையும் மடித்து வைத்தேன். படத்தில் கோடு எவ்வளவு அகன்றிருந்தது என்பதும், ஓடினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். முறிய வேண்டும் என்று எண்ணியதில்லை என்று முன்னே சொன்னேன் அல்லவா, அந்த வரியை அடித்துவிடுங்கள். அவளுக்குத் தீங்கு நினைத்ததில்லை என்பதை மட்டும் விட்டுவையுங்கள். அது உண்மை.

இருட்டிக்கொண்டு வருகிறது. வீட்டில் இது விளக்கேற்றும் நேரம். அந்த மேசைவிளக்கைப் போட உங்களுக்குத் தடையிருக்காது என்று நம்புகிறேன். நன்றி. கொஞ்சம் கைகூப்பிக்கொள்கிறேன், நீங்கள் எழுந்து நிற்க வேண்டாம்.

முதலடியைப் பாடிவிட்டேன். எப்போதும்போல நிறுத்திக் காத்திருக்கிறேன். மழை பெய்துகொண்டிருக்கிறது. அடுத்த அடியை அவள் எங்கோ இருந்து பாடுகிறாள் என்றே கொள்கிறேன். உங்களுக்குக் கேட்காமல் இருக்கலாம்.

என் தங்கை நீடு வாழ்க. நோயின்றி வாழ்க. அவள் இருக்கும் வீட்டில் விளக்கு அணையாதிருக்கட்டும். என் கை இனி அவளுக்கு எட்டாது. ஆகவே இறைவனே அவளை எங்கும் போகவிடாமல் காத்தருளட்டும்.